செல்லூர் பெஞ்சு ஷேர் மார்க்கெட்!

மதுரையில் ஷேர் மார்க்கெட் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், தயங்காமல் செல்லூர் என்று சொல்வேன்.

குலமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்து. அதன் முனையில் வேப்பமரம். மரத்தடியில் டீக்கடை. கடைக்கு முன்னால் இரண்டு பெஞ்சு. அதில் ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. செங்கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. மும்பை தலால் தெருவில் மதியம் மூன்றரை மணிக்கு முடியாத விஷயமெல்லாம் இந்தப் பெஞ்சில் ராத்திரி எட்டு மணிக்கு முடிவாகிவிடும்.

சிரிக்காதீர்கள் சார். மரத்தடிக்கும் ஷேர் மார்க்கெட்டுக்கும் பூர்வ ஜென்ம பந்தம் உண்டு. 1792-ல் நியூயார்க்கில் 24 தரகர்கள் ஒப்பந்தம் போட்டுக் கொண்டது ஒரு பட்டன்வுட் மரத்தடியில் என்று சொல்வார்கள். பம்பாயில் டவுன் ஹால் எதிரே ஆலமரத்தடியில் கூடிக்கொண்டிருந்த தரகர்கள்தான் 1875-ல் சங்கம் அமைத்து, இன்றைய பி.எஸ்.இ.க்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். அவர்களுக்கு ஆலமரம், எங்களுக்கு வேப்பமரம். கசப்பு மட்டும் எங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல்!

மெம்பர்களை அறிமுகம் செய்கிறேன். பெயர் வேண்டாம். எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள்.

முதல் மெம்பர் 'சார்'. அரசு ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். அவருடைய கொள்கை இரண்டே வார்த்தை: 'வாங்கு, மற.' வாங்கிய ஷேரை மட்டும்தான் மறப்பார் என்றில்லை. குடித்த டீக்குக் காசு கொடுப்பதையும் அவ்வப்போது மறந்துவிடுவார்.

அடுத்தவன் 'மாப்ள'. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எனக்கு அவன் எந்த வகையில் மாப்பிள்ளை என்று கேட்காதீர்கள். மதுரையில் அதெல்லாம் கேட்கக்கூடாது. மாப்ள ஒரு ஆப்ஷன் பார்ட்டி. ஒரு கம்பெனி சோப்பு செய்கிறதா, சிமென்ட் செய்கிறதா என்று அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். செல்போனில் பச்சையும் சிவப்புமாக மெழுகுவர்த்தி எரிந்தால் போதும், எரிகிற திசையை வைத்து ஜோசியம் சொல்வான்.

மூன்றாவது ஆள் 'தறி அண்ணன்'. நாலு தறி ஓட்டுகிறார். ஷேரில் ஒரு பைசா போட்டதில்லை. பிறகு ஏன் வருகிறார்? "சினிமாவுக்குப் போனா டிக்கெட்டு, பைக் டோக்கனு, பாப்கார்னுன்னு புடுங்கிருவாய்ங்க. இங்க ஒரு டீயில மூணு ஃபைட்டு பாத்துர்றேன்ல!"

நாலாவது அடியேன். தனியார் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ். ஊரான் வீட்டுக் கணக்கைப் பைசா சுத்தமாக வைத்திருப்பேன். என் கணக்கு? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நஷ்டத்துக்கு எழுவாய் கிடையாது!

இந்தப் பெஞ்சுச் சண்டைகளுக்கென்று ஒரு தனி இலக்கணம் உண்டு. கூர்ந்து கவனித்தால் நீங்களும் கண்டுபிடிக்கலாம்.

லாபம் வந்தால் தன்மை ஒருமை: "நான் அன்னிக்கே வாங்கிட்டேன்ல!" நஷ்டம் வந்தால் அஃறிணை: "மார்க்கெட் விழுந்துருச்சுப்பா." வாங்கியது நான், விழுந்தது அது! அடுத்தவனுக்கு நஷ்டம் என்றால் முன்னிலை: "நீ ஏன்டா அதைப் போய் வாங்குன?"

இன்னொரு விதி. பெஞ்சில் எவனும் எவ்வளவு போட்டான் என்று சொல்ல மாட்டான். எத்தனை சதவீதம் என்பான். "நாப்பது பர்சென்ட்டு அடிச்சேன் மாப்ள" என்று மார் தட்டுவான். போட்டது ஐந்நூறு ரூபாய் என்பது தீபாவளிக்குப் பிறகு அவன் சம்சாரம் சொல்லித்தான் தெரிய வரும்.

நிரந்தரமான சண்டை ஒன்று உண்டு. விலை விழுந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கி 'ஆவரேஜ்' பண்ணுவதா, இல்லை நஷ்டத்தோடு வெட்டிவிட்டு வெளியே வருவதா? சார் முதல் கட்சி, மாப்ள இரண்டாவது.

"நூறு ரூவாய்க்கு நல்லாருந்த பொருள், அம்பது ரூவாய்க்கு வந்தா இன்னும் நல்ல பொருள்தானப்பா? தக்காளி விலை விழுந்தா ரெண்டு கிலோ சேத்து வாங்குறதில்லையா?" இது சார்.

"தக்காளி அழுகிப் போயிருந்தா?" இது மாப்ள. "யெஸ் பேங்க்கை மறந்துட்டீகளா? 2018 ஆகஸ்டுல ஷேரு 400 ரூவா கிட்ட போச்சு. அங்கிருந்து விழ விழ, ஆவரேஜ் பண்றேன் ஆவரேஜ் பண்றேன்னு ஊரே வாங்குச்சு. 2020 மார்ச் 5-ம் தேதி ரிசர்வ் பேங்க் கையை வச்சு, ஒருத்தன் அம்பதாயிரத்துக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு. மறுநாள் ஷேரு ஒரு கட்டத்துல ஆறு ரூவாய்க்கும் கீழ போச்சா இல்லையா? அப்புறம் காப்பாத்துறேன்னு வந்து, நூறு ஷேருக்கு மேல வச்சிருந்தவுகளுக்கு முக்கா பங்கை மூணு வருஷம் பூட்டு போட்டாய்ங்களா இல்லையா?"

அத்தனையும் நடந்ததுதான். சார் வாயைத் திறக்க மாட்டார். டீ கிளாஸைத் திறந்து பார்ப்பவர்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் மாப்ளயின் 'ஸ்டாப் லாஸ்' என்ன லட்சணம் என்று எங்களுக்குத் தெரியாதா? இவ்வளவுக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று முதலிலேயே போட்டு வைக்கிற ஆர்டர் அது. போடுவான். விலை பக்கத்தில் வந்ததும், 'இன்னும் கொஞ்சம் பாப்போமே' என்று கீழே தள்ளி வைப்பான். மறுபடி வந்தால் மறுபடி தள்ளுவான். 2017-ல் வைகை அணைத் தண்ணி ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் மிதக்க விட்டார்களே, அது காற்றில் ஒதுங்கின மாதிரி, காசு ஆவியாகாமல் இருக்க இவன் போட்ட தெர்மாகோலும் ஒதுங்கிக்கொண்டே போகும்!

ஜூன் 4

இனி என் கதை. 2024 மே மாதம். லோக்சபா தேர்தல். பெஞ்சில் வேறு பேச்சே கிடையாது. ரிசல்ட்டுக்கு மார்க்கெட் ஏறுமா, விழுமா?

"விழும்" என்றான் மாப்ள. "ஏறும்" என்றேன் நான். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அவன் விழும் என்று சொல்லிவிட்டான். அதனால் நான் ஏறும் என்றேன். அவ்வளவுதான். சாரிடம் கேட்டோம். "ஒண்ணு ஏறும், இல்லாட்டி விழும். ரெண்டும் இல்லேன்னா நின்ன எடத்துல நிக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, டீக்குக் காசு கொடுக்காமல் கிளம்பிவிட்டார்.

மூன்று வாரம் இதே சண்டை. மாப்ள 'புட்' வாங்கிவிட்டதாகச் சொன்னான். விழுந்தால் லாபம் தருவது புட்; ஏறினால் லாபம் தருவது 'கால்'. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இடம் வாங்க டோக்கன் அட்வான்ஸ் கொடுப்போமே, அந்த மாதிரிதான் கால் ஆப்ஷன். 'இந்தத் தேதிக்குள் இந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை என்னுடையது' என்று ஒரு டோக்கன். விலை ஏறினால் டோக்கனுக்கே மவுசு. ஏறாமல் தேதி தாண்டினால் டோக்கன் பணம் போச்சு. இடமாவது கண்ணுக்குத் தெரியும். இதில் அதுவும் கிடையாது.

ஜூன் 1 சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸிட் போல் வந்தது. ஜூன் 3 திங்கள் காலையில் மார்க்கெட் திறந்ததும் பட்டாசு! அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 2,507 பாயிண்ட் ஏறி 76,469-ல் முடிந்தது. எனக்கோ தலை கால் புரியவில்லை. நான் சொன்னது நடந்துவிட்டது. ஆனால் நான் ஒரு பைசா போடவில்லையே! ராத்திரி பெஞ்சில் என்ன சொல்லுவேன்? 'சொன்னேன்ல' என்று சொல்லலாம். "எம்புட்டு போட்ட?" என்று மாப்ள திருப்பிக் கேட்டால்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, நிஃப்டி கால் ஆப்ஷன் வாங்கினேன். 60,000 ரூபாய்க்கு. ஜூன் 6 வியாழக்கிழமை தேதி போட்டது.

அந்த 60,000 சீட்டு எடுத்த பணம். தங்கச்சி பிளஸ் டூ முடித்திருந்தாள். அவள் காலேஜ் ஃபீஸுக்காக எடுத்தது. 'ரெண்டே நாள், வியாழக்கிழமை எடுத்துடப் போறோம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொன்னதை எதிர்த்துப் பேச மாடிப்படியில் வேறு ஆள் இல்லை.

ஜூன் 4 செவ்வாய். ஒன்பதே கால் மணி. எங்கள் ஆபீஸில் அந்த நேரத்தில் பாத்ரூமுக்கு எப்போதும் ஒரு க்யூ இருக்கும். எல்லார் கையிலும் செல்போன் இருக்கும். அன்றைக்கு உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. ஓட்டு எண்ண எண்ண மார்க்கெட் சரிந்தது. ஒரு கட்டத்தில் சென்செக்ஸ் 6,000 பாயிண்டுக்கு மேல் கீழே. முடியும்போது 4,389 பாயிண்ட் சரிவு, 72,079. ஒரே நாளில் 31 லட்சம் கோடி ரூபாய் மதிப்பு போய்விட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். அந்த 31 லட்சம் கோடி எனக்குப் புரியவில்லை. என் 60,000 புரிந்தது. சாயங்காலம் அது 1,900 ரூபாய்ச் சொச்சமாக இருந்தது. வியாழக்கிழமை அதுவும் இல்லை.

கேளுங்கள் வேடிக்கையை. வெள்ளிக்கிழமை, ஜூன் 7, சென்செக்ஸ் 76,693! திங்கட்கிழமை இருந்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஷேர் வைத்திருந்த சார், அந்த வாரம் முழுவதும் தூங்கி எழுந்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. (தூங்கித்தான் எழுந்தார்.) மார்க்கெட் ஏறும் என்று நான் சொன்னது கடைசியில் சரியாகிவிட்டது. என் பணம்தான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஷேருக்குக் கெடு கிடையாது. ஆப்ஷனுக்கு உண்டு. 'ஏறும்' என்று சொன்னால் பத்தாது. எந்தக் கிழமைக்குள் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எந்த ஜோசியனாலும் முடியாது.

ஜூன் 4 ராத்திரி பெஞ்சுக்குப் போனேன். போகாமல் இருந்தால் தெரிந்துவிடுமே! மாப்ள காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சொன்னேன்ல! என்ன மாப்ள, மூஞ்சி தொங்கிப் போச்சு?" "நமக்கென்ன, நான் ஒண்ணும் போடல" என்றேன். டீ சொன்னேன். தொண்டையில் இறங்கவில்லை.

தங்கச்சி கேட்ட கேள்வி

ஃபீஸ் கட்ட வேண்டிய நாள் வந்தது. ஆபீஸில் சம்பள அட்வான்ஸ் கேட்டேன். "அக்கவுண்ட்ஸ் பாக்கிற ஆளே இப்படி வந்து நின்னா எப்படிப்பா?" என்று மேனேஜர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாசம் 6,000 வீதம் பத்து மாசப் பிடித்தம். 2025 ஏப்ரல் சம்பளம் வரை பிடித்தார்கள்.

வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது. தங்கச்சியிடம் மறைக்க முடியவில்லை. திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்:

"ஏண்ணே, பணம் வேணும்னு போட்டியா, இல்ல யாருகிட்டயாச்சும் ஜெயிக்கணும்னு போட்டியா?"

பதினேழு வயசுப் பெண். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட இதே மாதிரி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் என்ற இரண்டு பேர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1991 முதல் 1996 வரை ஒரு தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பங்களுடைய கணக்கை எடுத்து அலசி, 2000-ல் வெளியிட்டார்கள். அந்த வருஷங்களில் மார்க்கெட் தந்தது வருஷத்துக்கு 17.9 சதவீதம். அடிக்கடி வாங்கி விற்ற கூட்டத்துக்குக் கிடைத்ததோ 11.4 சதவீதம்! அடுத்த வருஷம் ஆண் கணக்கு, பெண் கணக்கு என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். அதனாலேயே அதிகமாகக் கோட்டையும் விட்டார்கள். காரணம் அறிவுக் குறைவு அல்ல, 'நமக்குத் தெரியும்' என்ற நினைப்பு. தங்கச்சி இதைப் படித்ததில்லை. எங்கள் வீட்டில் இருந்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"விக்கிறவன் யாருப்பா?"

2024 செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், தறி அண்ணன் வழக்கத்துக்கு மாறாகப் பேச்சில் குறுக்கிட்டார்.

"நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. நான் நூல் வாங்குனா, விக்கிறவன் யாருன்னு தெரியும். அவன் எதுக்கு விக்கிறான்னும் தெரியும். நீங்க இந்த காலு, புட்டுன்னு வாங்குறீகளே... நீ வாங்கணும்னா ஒருத்தன் விக்கணும்ல? அவன் யாருப்பா?"

பெஞ்சில் சத்தமே இல்லை. மாப்ள மெழுகுவர்த்தியைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

பதில் அந்த வாரம்தான் வெளிவந்திருந்தது. செப்டம்பர் 23-ம் தேதி 'செபி' ஒரு அறிக்கை விட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று இறங்கிய தனி நபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்!

இனி அண்ணன் கேள்விக்கு விடை. 2023-24-ல் மட்டும் தனி நபர்களும் மற்ற சில்லறைகளும் செலவுக் கணக்கு சேர்க்காமலேயே விட்டது 61,000 கோடி ரூபாய். அதே வருஷம், சொந்தப் பணத்தில் விளையாடும் பெரிய தரகு நிறுவனங்கள் அடித்தது 33,000 கோடி. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அடித்தது 28,000 கோடி. கூட்டிப் பாருங்கள். அக்கவுண்ட்ஸ்காரன் சொல்கிறேன், டேலி ஆகிறது! அவர்களுடைய லாபத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கம்ப்யூட்டர் தானாகவே வாங்கி விற்றுச் சம்பாதித்தது. நான் மாடிப்படியில் ஒரு கையில் தயிர்சாத டப்பாவும் இன்னொரு கையில் போனுமாக நின்றபோது, எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அறிக்கையில் இன்னும் சில வரிகள் உண்டு. 2023-24-ல் இந்த ஆட்டம் ஆடியவர்களில் 100-க்கு 43 பேர் முப்பது வயதுக்குள். முக்கால்வாசிப் பேர் வருஷ வருமானம் 5 லட்சத்துக்குள் என்று எழுதிக் கொடுத்தவர்கள். 72 சதவீதம் பேர் பெரிய 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். யாரோ எங்கள் பெஞ்சைப் போட்டோ எடுத்து அறிக்கையாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றியது.

2024 நவம்பரிலிருந்து செபி கடிவாளம் போட்டது. ஒரு ஒப்பந்தம் குறைந்தது 15 லட்சம் மதிப்பு இருக்க வேண்டும். வாராவாரம் முடிகிற ஆப்ஷன் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு இண்டெக்ஸில்தான். அப்படியும் 2024-25-ல் 100-க்கு 91 பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.05 லட்சம் கோடி. 2025 ஜூலை 3-ம் தேதி, ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் கம்பெனி இண்டெக்ஸை ஏற்றி இறக்கி லாபம் பார்த்ததாகச் சொல்லி, 4,843 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது செபி. தப்பே செய்யவில்லை என்பது அந்தக் கம்பெனியின் பதில். அது ஒரு பக்கம் இருக்கட்டும். தறி அண்ணன் கேட்ட கேள்வியைத்தான் செபியும் கேட்டிருக்கிறது!

சார் அப்போது ஒரு பழைய கதை சொன்னார். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு போவது நின்றது. இந்தியப் பஞ்சுக்குத் திடீர் யோகம். பம்பாயில் பணம் கொட்டி, கண்ட கண்ட கம்பெனி ஷேரெல்லாம் ஏறியது. 'இன்ன தேதியில் இன்ன விலைக்கு' என்று ஆளாளுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். பலவற்றின் கெடு 1865 ஜூலை 1. போர் அதற்கு முன்பே முடிந்து பஞ்சு விலை சரிந்துவிட்டது. கெடு வந்தபோது கொடுக்க ஆளில்லை. பெரிய பெரிய வீடுகளே திவால்.

"அப்பவும் தேதி போட்ட சீட்டாட்டம்தானா?" என்றார் தறி அண்ணன். "பஞ்சை நூத்து, நூலை நெஞ்சு துண்டு விக்கிறவன் தப்பிச்சிருப்பான்."

மழை

2024 அக்டோபர் 25. அன்றைக்கு மதுரையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செல்லூரில் பல தெருக்களில் வெள்ளம். மாப்ள கடையில் முழங்கால் அளவு தண்ணீர். நானும் போய் அவனோடு வாளியில் இறைத்தேன். ரிப்பேருக்கு வந்த செல்போன்களையெல்லாம் மேல் தட்டில் அடுக்கினோம். மேஜை டிராயரை உருவிக் கவிழ்த்தபோது, ஸ்க்ரூ டிரைவர், பழைய பேட்டரி இவற்றோடு நனைந்த காகிதம் ஒன்று என் கையில் ஒட்டிக்கொண்டது. அடகுக்கடை ரசீது. இரண்டு வளையல். தேதி மே 2024.

அவன் என்னைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான்.

"புட்டு வாங்குனது நெசம்தான் மாப்ள. ஜூன் மூணாம் தேதி மார்க்கெட் ஏறுச்சுல்ல... பத்து மணிக்கெல்லாம் பயந்துபோய் பாதிக்கும் கீழ வித்துட்டேன். ஒரு நாள் வச்சிருந்தேன்னா..."

"அப்ப நாலாம் தேதி ராத்திரி காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே?"

"நீ சிரிச்சிருவன்னுதான்."

விழும் என்றவன் சொன்னது நடந்தது, அவனுக்கு நஷ்டம். ஏறும் என்றவன் சொன்னதும் நடந்தது, அவனுக்கும் நஷ்டம். மூன்று வாரம் போட்ட சண்டையில் இரண்டு பேருமே ஜெயித்திருக்கிறோம்! முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என் 60,000 கதையையும் சொன்னேன். தங்கச்சி கேட்ட கேள்வியையும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அத்தனை மாசமும் நீயும் நடிச்சிருக்க!" என்று மட்டும் சொன்னான். அப்புறம் இருவரும் தண்ணீர் இறைத்தோம்.

பெஞ்சின் புதுச் சட்டம்

மழை வடிந்த பிறகு மாப்ளயே ஒரு சட்டம் கொண்டுவந்தான். இனிமேல் பெஞ்சில் யார் 'வாங்கினேன், விற்றேன்' என்று பேசினாலும், புரோக்கர் மெயிலில் அனுப்புகிற காண்ட்ராக்ட் நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். வருஷ லாப நஷ்டக் கணக்கையும் காட்ட வேண்டும். பாஸ்வேர்டு பான் நம்பர்தான். மறந்துவிட்டது என்றெல்லாம் சாக்குச் சொல்லக்கூடாது.

சட்டம் நிறைவேறிய அன்று ராத்திரி பத்து நிமிஷம் டீக்கடையில் கேட்டது அடுப்புச் சத்தம் மட்டும்தான். யாருக்கும் பேச ஒன்றுமில்லை!

முதலில் மாப்ள காட்டினான். அப்புறம் நான். தொகையை நான் இங்கே எழுதவில்லை. என்னுடையது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அவனுடையது அதைவிடப் பெரியது.

சார் எழுந்து வீட்டுக்குப் போனார். தப்பித்து ஓடுகிறார் என்று நினைத்தோம். இல்லை. மஞ்சள் பை ஒன்றோடு திரும்பி வந்தார். உள்ளே பழைய காகித ஷேர் சர்டிஃபிகேட்டுகள். 1994, 1995-ல் வாங்கியது. அந்தச் சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் ஜனங்களிடம் பணம் திரட்டின. வாங்கிய பணத்தோடு விலாசமே இல்லாமல் போன இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகளை அரசாங்கமும் செபியும் பிறகு 'மறைந்துபோன கம்பெனிகள்' என்று பட்டியல் போட்டன.

"இருபது கம்பெனி வாங்குனேன். ஏழு காகிதமாப் போச்சு. மிச்சம் பதிமூணுலதான் மக கல்யாணத்துக்கு ஒத்தாசை கெடைச்சுது" என்றார். காகிதங்களை ஒவ்வொன்றாக நீவி மடித்து உள்ளே வைத்தார். "வாங்கு, மறன்னு உங்ககிட்டச் சொல்லுவேன்ல? இந்த ஏழையும் மறக்கலப்பா. விக்கிறதுக்கு ஆளு கெடைக்கல."

அன்றைக்கு சார்தான் எல்லோர் டீக்கும் காசு கொடுத்தார்.

இப்போதும் பெஞ்சு நடக்கிறது. சண்டையும் நடக்கிறது, ஆனால் சத்தம் குறைவு. மாப்ள ஆப்ஷன் பக்கம் போவதில்லை என்கிறான். மாசக் கடைசியில் கணக்கைத் திறந்து காட்டுகிறான், நம்புகிறோம். வளையலில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது, இன்னொன்று வரணும். நான் மாசம் 1,000 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறேன். அதைப் பற்றி பெஞ்சில் பேச ஒன்றுமே இல்லை. அதனால்தான் அது பிடித்திருக்கிறது.

போன வாரம் தறி அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார்:

"என்னங்கடா, முந்தியெல்லாம் ஒரு டீக்கு மூணு ஃபைட்டு. இப்ப ஒண்ணும் இல்லையே?"

"படம் முடிஞ்சிருச்சுண்ணே" என்றான் மாப்ள.

"டிக்கெட்டுக் காசு நீங்கதான குடுத்தீக" என்று சொல்லிவிட்டு, தறி ஓட்டக் கிளம்பிவிட்டார் அண்ணன்.